லம்பம் திறக்கும் முன் குட்டைக்குக் கணக்கு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஈயம் என்று நாம் சொல்லும் வெள்ளீயத்தின் (டின்) விலை ஏறினால் மலேசியாவின் பேரா மாநிலத்தில் ஒரு பேச்சும் கூடவே ஏறும். பழைய லம்ப (ஈயச் சுரங்க) நிலத்தில் இன்னும் ஈயம் கிடக்கிறது, அந்தக் காலத்தில் மேலோடு அலசிவிட்டுப் போனதை இப்போது நல்ல பம்பு வைத்து அடியோடு அலசலாம் என்பார்கள். 2022 மார்ச்சில் லண்டன் சந்தையில் ஒரு டன் ஈயம் 50,000 அமெரிக்க டாலரை ஒட்டிப் போனதிலிருந்து பீடோர், தாப்பா பக்கத் தோட்டப்புறங்களில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் இதுதான் பேச்சு. வேலை வரும் என்று சிலர், ஆறு கெட்டுவிடும் என்று சிலர். இரண்டு பக்கமும் கணக்கு வைத்துப் பேசுவதில்லை. நில அலுவலகத்தில் நம் சொல் எடுபட வேண்டுமானால் கையில் எண் இருக்க வேண்டும். அதனால் கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லம்பமே கூடாது என்பது எங்கள் கட்சி அல்ல. ஈயம் போன பிறகு குழி, மணல், களிச்சேறு, அமாங் எனும் கனமான கழிவு மணல் என்று நான்கு மிஞ்சும். இவற்றை யார், எந்தப் பணத்தில், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்பது உரிமத்தில் முதல் நாளே எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாமல் நூறு ஆண்டுக்கு மேல் தோண்டியதன் பாக்கி இன்னும் நம் ஊர்களில் நிற்கிறது.

முதலில் தொழிலைப் புரிந்துகொள்வோம். ஈய மணல் தண்ணீரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்றே மேல். லம்பத் தொழில் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. பழைய பாலோங் (ஈயம் அலசும் சரிவான மரத் தொட்டி) இருந்த இடத்தில் ஒரு பிடி மண்ணைத் தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி, தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றி விளிம்பு வழியே வழிய விட்டுப் பாருங்கள். வெள்ளை மணல் முதலில் போய்விடும். சிரட்டையின் அடியில் கறுப்பாக ஒரு வால் மட்டும் ஒதுங்கி நிற்கும். டூலாங் பெண்கள், அதாவது தட்டில் ஈயம் அலசிய பெண்கள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மரத்தட்டில் செய்ததும் இதேதான். ஆனால் அந்தக் கறுப்பு முழுவதும் ஈயம் அல்ல. வலுவான காந்தத்தைக் காட்டினால் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு எழும், அது இல்மனைட் என்ற கனிமம். எழாமல் கிடப்பதில் ஈயம் இருக்கும், சிர்க்கான் என்ற கனிமம் இருக்கும், தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணியாக மோனசைட் என்ற கனிமமும் இருக்கும். அந்தத் தேன் நிற மணியைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

குட்டையில் மிதந்தபடி மண்ணை அள்ளி அலசும் ஈயக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 200, 300 கிராம் ஈய மணல் கிடைத்தாலே கட்டுப்படியாகும். ஒரு டன் ஈய மணல் சேர்க்க 3,300 முதல் 5,000 கன மீட்டர் வரை மண்ணைப் புரட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள். ஏற்கெனவே ஒருமுறை அலசிய மண்ணில் ஈயம் இன்னும் குறைவு, அதனால் புரட்ட வேண்டியது இன்னும் அதிகம். மூட்டை கட்டி உருக்காலைக்குப் போவது ஒரு டன். இங்கேயே தங்கிவிடுவது பல ஆயிரம் டன். லம்பத்தால் வரும் நன்மையும் கெடுதலும் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன.

நன்மை இல்லை என்று சொல்ல மாட்டோம். 1840களில் பேராவின் லாரூட்டில் மலாய்த் தலைவர் லோங் ஜாபர் ஈயத் தொழிலைத் தொடங்கி வைத்தார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் ரயில் பாதையே ஈயத்துக்காகப் போட்டதுதான். ஈய ஏற்றுமதி வரியில் ரோடும் ரயிலும் நீண்டன. அந்த ரோட்டையும் ரயிலையும் ஒட்டித்தான் பின்னால் பால்மரத் தோட்டங்கள் வந்தன, நம் மக்களும் வந்து லயங்களில் குடியேறினார்கள். தோட்டத்துக்கும் லம்பத்துக்கும் இந்த மண்ணில் ஒரே தொப்புள்கொடி.

அதற்குக் கொடுத்த விலை காடு. உலைக்குக் கரி வேண்டும், நீராவி இயந்திரத்துக்கு விறகு வேண்டும், பாலோங்குக்குப் பலகை வேண்டும் என்று குழிக்கு வெளியேயும் பல மைல் சுற்றளவுக்கு மழைக்காடு போனது. மரம் போன சரிவில் மண் நிற்காது. சிலாங்கூரில் கோல குபுவுக்கு நடந்ததைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். மேலே லம்பங்கள் கழுவிவிட்ட மண் சிலாங்கூர் ஆற்றில் இறங்கிப் படுகையை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தியது. ஆறு உயர, ஊர் தாழ்ந்தது. வெள்ளம் வழக்கமாயிற்று. 1926 பெருவெள்ளத்துக்குப் பிறகு அங்கே இனி இருக்க முடியாது என்று ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். இன்றைய கோல குபு பாரு அப்படி வந்தது. லம்பம் கழுவிவிட்ட மண்ணும் கண்ணுக்கே தெரியாத களித்துகளும் ஓர் ஊரை இடம்பெயர்த்த கதை அது.

இந்தக் களித்துகள்தான் நம் ஊருக்கும் முதல் ஆபத்து. இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும்.

பம்பு லம்பத்தில் பீய்ச்சுகுழாய்த் தண்ணீர் மண்சுவரை அறுக்கும். கலங்கல் பள்ளத்துக்கு ஓடும். பம்பு அதைப் பாலோங்கின் உச்சிக்கு ஏற்றும். மெல்லிய சரிவில் ஓடிவரும்போது குறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் கனமான ஈயம் தங்கும், மற்றதெல்லாம் வாலில் விழும். வாலில் விழுவதில் மணலால் பெரிய தொல்லை இல்லை. 0.2 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் தண்ணீரில் ஒரு நிமிடத்துக்குள் அடியில் விழுந்துவிடும். களி அப்படி அல்ல. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள், அசையாத தண்ணீரில்கூட ஒரு நாளைக்கு 35 சென்டிமீட்டர்தான் இறங்கும். அதைவிட மிகச் சிறியது படிகாரமோ சுண்ணாம்போ போடாமல் எளிதில் இறங்காது.

இனி படிவுக் குட்டையின் கணக்கு. பம்பு மணிக்கு 300 கன மீட்டர் வீதம் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 7,200 கன மீட்டர் கலங்கல். நாளைக்கு 35 சென்டிமீட்டர் இறங்கும் துகளைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் குட்டையின் பரப்பு சுமார் 20,000 சதுர மீட்டர் வேண்டும். இரண்டு ஹெக்டேர், நம் பேச்சில் ஐந்து ஏக்கர். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு ஏக்கர் குட்டையை ஐந்து மடங்கு ஆழமாகத் தோண்டினாலும் கணக்கு சரியாகிவிடாது. துகளைப் பிடிப்பது பரப்பு. ஆழம் சேற்றைச் சேர்த்து வைக்க மட்டுமே உதவும்.

சேர்ந்துவிடும் சேறும் கொஞ்சமல்ல. கலங்கலில் பத்தில் ஒரு பங்கு மண், அந்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு களி என்று வைத்தால் நாளைக்கு 240 கன மீட்டர் களி. ஐந்து ஏக்கர் குட்டை இரண்டு மீட்டர் ஆழம் என்றாலும் ஆறு மாதத்துக்குள் நிரம்பிவிடும். புதுக் களிச்சேறு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உப்பி நிற்கும் என்பதால் உண்மையில் அதற்கும் முன்பே நிரம்பும். எந்த லம்பத்திலும் தொடக்கத்தில் அதிகாரிகள் வந்து பார்க்கும்போது தண்ணீர் தெளிவாக இருப்பதும், சில மாதம் கழித்து ஆறு கலங்கிவிடுவதும் இதனால்தான். யாரும் திருட்டுத்தனமாகத் திறந்துவிட வேண்டும் என்பதில்லை, குட்டை நிரம்பினாலே போதும். ஆகவே முதல் குட்டை நிரம்பும் முன் இரண்டாவது குட்டை வெட்டித் தயாராக இருக்க வேண்டும். தெளிந்த தண்ணீரை ஆற்றுக்கு விடாமல் மறுபடி பம்புக்கே எடுக்க வேண்டும்.

கரை உடைவதற்கும் காரணம் உண்டு. பக்கத்தில் கிடக்கும் மணலையே குவித்துக் கரை கட்டினால் செலவு மிச்சம். ஆனால் நடுவில் களிமண் சுவர் இல்லாத மணல் கரையில் தண்ணீர் முதலில் நூலாகக் கசியும். கசிகிற இடத்தில் மணலும் சேர்ந்து வரும். உள்ளே ஒரு குழாய் உண்டாகி ஒரே இரவில் வாய் திறக்கும். கரையின் வெளிப்பக்க அடியில் புதிதாக ஈரமும், ஈரத்தின் வாயில் சின்ன மணல் கூம்பும் தெரிந்தால் அன்றைக்கே பம்பை நிறுத்த வேண்டும். மழைநீர் வழிய தனியே கல் பதித்த மடையும், நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் கரையும் இல்லாத குட்டை ஆண்டுக் கடைசி மழையைத் தாங்காது.

தோட்டத்துக்கு இதனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றுப் படுகை உயர்ந்தால் தோட்டக் கால்வாய்க்கு வடிய இடம் இல்லை. தாழ்ந்த செம்பனை வயலில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். வேர் மூச்சு முட்டும், குலை சிறுக்கும், அறுவடைச் சுற்று தவறும், லோரி இறங்க முடியாது. குலைக்கூலியில் வாழ்கிற குடும்பத்தின் சம்பளச் சீட்டில் அது தெரியும். லம்பத்தின் வரவு செலவில் அது எங்கும் பதியாது.

ஆற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெளிவான ஒரு லிட்டர் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, நாளும் நேரமும் எழுதி ஒட்டி, அசைக்காமல் ஒரு முழு நாள் மேசையில் வையுங்கள். சாதாரண மழைக் கலங்கல் என்றால் அடியில் மணலும் வண்டலும் படிந்து மேலே தெளியும். மறுநாளும் தே தாரிக் நிறத்திலேயே நின்றால் மேலே எங்கோ களி கழுவப்படுகிறது. வாரம் ஒரு பாட்டில், ஒரே இடம், ஒரே நேரம், பக்கத்தில் ஒரு படம். மூன்று மாதத்தில் அது ஒரு சாட்சிப் புத்தகம் ஆகிவிடும்.

அடுத்தது குழி. பழைய லம்பங்கள் விட்டுப்போன குட்டைகள் தீபகற்பத்தில் 4,000க்கும் மேல். பெரும்பாலானவை பேராவிலும் சிலாங்கூரிலும். கரையிலிருந்து பார்த்தால் குளம் மாதிரிதான் இருக்கும், ஆனால் கரை குளத்தின் கரை அல்ல. இரண்டு அடி நடந்ததும் தரை சட்டென்று ஆள் உயரத்துக்கும் கீழே போய்விடும். ஏற முயன்றால் மணல் சரிந்து கையோடு வரும். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் கீழே சில்லிட்டுக் காலை மரக்க வைக்கும். பள்ளி விடுமுறையில் தூண்டிலோடு போகும் பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களும் தப்புவதில்லை. பலகை நட்டுவிட்டால் போதும் என்ற பேச்சை இனியாவது விட வேண்டும். கரையை மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் வெட்டி, முதல் சில மீட்டர் தண்ணீர் முழங்கால் அளவுக்கு மேல் போகாதபடி படி விட்டு மூட வேண்டும். குழி தோண்டும் இயந்திரம் அங்கேயே நிற்கும்போது இது சில நாள் வேலை. அது போன பிறகு யாரும் செய்ய மாட்டார்கள்.

களிச்சேறு நிலமும் அப்படித்தான். மேலே காய்ந்து வெடித்துப் புல்கூட முளைத்திருக்கும். ஆள் உயரத்துக்குக் கீழே இன்னும் குழம்பாக இருக்கும். மாடு இறங்கினால் ஏறாது. பல ஆண்டு கழித்தும் அதன் மேல் வீடு கட்டினால் ஒரு பக்கம் இறங்கும். மலிவு என்று மனை வாங்கும் நம் குடும்பங்கள் பழைய நில வரைபடத்தைக் கேட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இனி அந்தத் தேன் நிற மணி. ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான மணல்தான் அமாங். அதிலிருக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிர்வீச்சுள்ள பொருள். 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் வந்த பிறகு இது கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் தொழில். குவியலாகத் திறந்தவெளியில் கிடந்தால் காற்றில் தூசி பறக்கும், மழையில் கால்வாய்க்கு ஓடும். பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்பவருக்குத் துணி கட்டிய மூக்கு போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசமும் தூசி உறிஞ்சும் விசிறியும் வேண்டும். எல்லாவற்றையும்விட நாங்கள் பயப்படுவது, அமாங் கழிவு மணலை வீட்டு முற்றம் நிரப்பவும் சிமெண்டு கலக்கவும் லோரிக்கணக்கில் விற்பதைத்தான். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் மோனசைட் பதப்படுத்திய ஆலையை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறினாலும் 1994இல் ஆலை நின்றுவிட்டது. பேராவில் அமாங் என்ற சொல்லை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலைக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் மலேசியா ஆண்டுக்கு 70,000 டன்னுக்கு மேல் ஈயம் எடுத்தது. 1985 அக்டோபர் 24ஆம் தேதி அனைத்துலக ஈய மன்றத்திடம் விலையைத் தாங்கிப் பிடிக்கப் பணம் இல்லாமல் போனது. லண்டனில் ஈய வாணிபம் நின்றது, விலை பாதியாக விழுந்தது. 1990களின் கடைசியில் நாட்டின் உற்பத்தி ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும், 1938இல் கட்டிய 4,500 டன் எடையுள்ள ஈயக் கப்பல் இன்று சுற்றுப்பயணிகள் பார்க்கும் காட்சிப்பொருள். கம்பார், கோப்பேங், பத்துகாஜா போன்ற ஊர்களில் இளையோர் வெளியூருக்குப் போய்விட்டதில் இந்தச் சரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. விலை எங்கேயோ முடிவாகும் பொருளை நம்பி ஓர் ஊர் நின்றால் இப்படித்தான் ஆகும். இப்போது திறக்கப்படும் பம்பு லம்பத்தில் மண்வாரி, பம்பு, பாலோங் எல்லாம் சேர்த்து பகல், இரவு இரண்டு ஷிப்டுக்கும் ஆட்கள் முப்பதைத் தாண்டுவது அபூர்வம். அதில் உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தச் சம்பளத்தில் என்பதை வாயால் சொல்ல விடாமல் தாளில் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த முப்பது வேலைக்காக எதை இழப்போம் என்பதையும் பார்க்க வேண்டும். பீடோர் கொய்யாவுக்குப் பேர் வாங்கித் தந்ததில் பழைய லம்ப மணலுக்குப் பங்கு உண்டு. அந்த மணலில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெறும் மணல். நண்பகலில் மேல்பரப்பு 40 பாகை செல்சியசைத் தாண்டும். உரம் போட்டால் அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும். அதில் இரண்டடிக் குழி வெட்டி, பக்கத்துக் களிச்சேற்றையும் கோழி எருவையும் கலந்து நிரப்பி, குட்டைத் தண்ணீரை நாள்தோறும் பாய்ச்சி, காய்க்குக் காய் பை கட்டித்தான் கொய்யா எடுக்கிறார்கள். பல ஆண்டு உழைப்பில் உண்டான அந்த மண்ணுக்குப் பலரிடம் இருப்பது ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமம் மட்டுமே. லம்பத்துக்கு அனுமதி வந்தால் உரிமம் புதுப்பிக்கப்படாது, அவ்வளவுதான். மரத்துக்கும் மண்ணுக்கும் நட்டஈடு தராமல் அவர்களை எழுப்பக் கூடாது. குட்டையில் மீன் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு கவலை. ஈயத்தோடு சில இடங்களில் ஆர்சனிக் கலந்த கல்லும் இருக்கும். அடியில் அடங்கிக் கிடந்த சேற்றைப் பம்பு கிளறினால் அது மறுபடி தண்ணீரில் கலக்கும். மீனைப் பரிசோதிக்காமல் சந்தைக்கு அனுப்ப முடியாது.

மணலை மீட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் பீடோரிலேயே ஈயமணல் நிலத்தில் காட்டு மரம் வளர்க்கும் ஆராய்ச்சி செய்து வந்திருக்கிறது. கெப்போங்கில் உள்ள அதன் தலைமையகக் காடு, 1920களில் ஈய லம்பமும் காய்கறித் தோட்டமுமாகச் சீரழிந்து கிடந்த நிலத்தில் நட்டு வளர்த்தது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. முடியும், ஆனால் நூறு ஆண்டு ஆகிறது. முதலில் செம்பனை ஆலையில் பழம் எடுத்த பின் மிஞ்சும் வெறுங்குலையை ஹெக்டேருக்கு 30, 40 டன் பரப்பி நிலத்தைக் குளிர வைக்க வேண்டும். பிறகு தோட்டத்தில் போடுகிற கொடிப்பயிர், அதன் பிறகு வேகமாக வளரும் நிழல் மரம், அந்த நிழலில்தான் மெராந்தி போன்ற காட்டுக் கன்று. நிழல் வரும் முன் காட்டுக் கன்றை வெயிலில் நட்டால் செத்துவிடும். மரம் நடும் விழா நடத்திப் படம் எடுத்த பல இடங்களில் ஆறு மாதம் கழித்து வெறும் குச்சி நிற்பது இந்த வரிசையை மதிக்காததால்தான்.

ஆகவே பழைய மணலை மறுபடி அலசுவது பற்றிப் பேசலாம். மேலே தித்திவாங்சா மலைத்தொடரின் சரிவில் இன்னும் நிற்கும் காட்டைப் பற்றிப் பேசவே கூடாது. அங்கே செமாய்ப் பழங்குடி மக்களின் கம்பங்கள் (கிராமங்கள்) இருக்கின்றன, நம் ஊர்க் குழாய்க்கு வரும் தண்ணீரின் தலை இருக்கிறது. மலைச்சரிவில் கழுவிய களியைப் பிடிக்க ஐந்து ஏக்கர் சமதரைக் குட்டைக்கு அங்கே இடமும் கிடையாது.

மாநிலக் கனிமச் சட்டங்களில் சீரமைப்பு நிதிக்கு இடம் உண்டு. எங்கள் கோரிக்கை, அந்தத் தொகை மண்வாரி இறங்கும் முன்பே முழுதாகக் கட்டப்பட வேண்டும், குட்டைக்குக் குட்டை கரை வெட்டி முடித்ததைப் பார்த்த பிறகே பகுதி பகுதியாகத் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதுதான். ஒரு குழி மூடாமல் அடுத்த குழி திறக்கக் கூடாது. படிவுக் குட்டையின் பரப்பு பம்பின் அளவோடு சேர்த்து உரிமத்தில் எழுதப்பட வேண்டும். லம்பத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் தோட்ட ஆலயத்திலும் தமிழ்ப்பள்ளிப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும்.

எந்த லம்பத்துக்கு விண்ணப்பம் வந்தாலும், பம்பு ஓடும் முன் மூன்று மாத ஆற்றுத் தண்ணீர் அளவும் படுகை மட்டமும் எடுத்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் எது லம்பத்தின் சேறு, எது மழையின் சேறு என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பெருமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அளப்பவர்கள் ஜூலைக்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
பீடோர் வட்டாரத் தோட்டப்புற வாசகர்கள்